துருப்பிடித்த அறைக்குள் ஒரு கதை: வேதியியல் சாகச நாவல் எழுதப் புதிதாக வருவோருக்கு

பதினான்கு வயதுப் பிள்ளையிடம் வேதியியல் பிடிக்குமா என்று கேட்டால் பெரும்பாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதே பிள்ளையிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "பல மாதங்களாக மூடிக் கிடந்த ஓர் இரும்பு அறைக்குள் ஒருவன் இறங்கினான். அங்கே விஷம் இல்லை, புகை இல்லை, கெட்ட வாடைகூட இல்லை. ஆனால் சத்தமே இல்லாமல் சுருண்டு விழுந்துவிட்டான். என்ன நடந்திருக்கும்?" விடை கிடைக்கும்வரை உங்களை விடாது. இந்த இரண்டாவது கேள்வியை ஒரு நாவலாக வளர்ப்பது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

எழுதத் தொடங்கும் முன் ஓர் அளவுகோலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையிலிருந்து வேதியியலை உருவி எடுத்துவிட்டால் கதை சரிந்து விழ வேண்டும். கதாநாயகிக்கு வேதியியல் பிடிக்கும், அறை முழுக்கக் குடுவைகள் இருக்கின்றன, ஆனால் ஆபத்து வரும்போது கயிற்றைக் கட்டி ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்புகிறாள் என்றால், அந்தக் குடுவைகள் வெறும் அலங்காரம். இளம் வாசகர்கள் இதை மூன்றாம் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதல் படி: ஒரே ஒரு வேதிவினை

புதியவர்கள் ஒரே நாவலில் பத்து வினைகளைத் திணிக்கிறார்கள். ஒன்று போதும். நாவலின் உச்சக் காட்சி எந்த வினையின் மேல் நிற்கப் போகிறதோ, அதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றவை பின்னால் தேவைப்பட்டால் தாமாக வந்து சேரும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? வெடிவிபத்தை வேண்டாம் என்பேன். வெடிப்பு ஒரு கணத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு யாரும் எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை. மெதுவாக நடக்கும் வினைகளே சாகசத்துக்கு ஏற்றவை. அவை கதைக்குள் ஒரு கடிகாரத்தை வைக்கின்றன. இரும்பு துருப்பிடிப்பது, சுண்ணாம்பு நீர் பால்போல் கலங்குவது, அன்னபேதி எனப்படும் இரும்பு உப்பின் கரைசலால் எழுதிய மங்கிய எழுத்து கடுக்காய்ச் சாறு பட்டதும் கறுத்து எழுவது போன்றவற்றை எண்ணிப் பாருங்கள். கடைசியாகச் சொன்ன வினை மிகப் பழையது. முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானியரான மூத்த பிளினி, தாமிரப் பச்சை என்ற செம்பு நிறமியில் இரும்பு உப்பைக் கலப்படம் செய்திருக்கிறார்களா என்று அறிய, கடுக்காயைப் போலவே துவர்க்கும் மாசிக்காயின் சாற்றில் நனைத்த பாப்பிரஸ் தாளைப் பயன்படுத்தலாம் என்று எழுதி வைத்திருக்கிறார். கலப்படம் இருந்தால் தாள் கறுத்துவிடும். ஒரு துப்பறியும் கதைக்கு இந்த ஒரு தாளே போதும்.

இரண்டாம் படி: கண்ணால் பார்த்த பிறகு எழுதுங்கள்

பாடநூலில் படித்ததை வைத்து எழுதினால் பாடநூல் வாடைதான் வரும். நீங்கள் தேர்ந்தெடுத்த வினை பாதுகாப்பானது என்றால் ஒரு வேதியியல் ஆசிரியரின் மேற்பார்வையில் அதைச் செய்து பாருங்கள். ஆபத்தானது என்றால் தெரிந்தவர் செய்வதைப் பாருங்கள். கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும்.

சுண்ணாம்பு நீரை எடுத்துக்கொள்வோம். கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் உறிஞ்சு குழல் வழியாக மெல்ல ஊதுகிறீர்கள் (உறிஞ்சிவிடக் கூடாது; அது அரிக்கும் காரப்பொருள்). நாம் வெளிவிடும் மூச்சில் சுமார் 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. சற்று நேரத்தில் திரவம் பால்போல் வெளுக்கிறது. கரையாத கால்சியம் கார்பனேட் உண்டானதால் வந்த வெளுப்பு அது. இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருங்கள். கன்னம் வலிக்கும், வலிக்கட்டும். கலங்கிய திரவம் மெல்ல மெல்லத் திரும்பவும் தெளியத் தொடங்கும். கூடுதலாக வந்த கார்பன் டை ஆக்சைடு, கால்சியம் கார்பனேட்டைக் கரையக்கூடிய பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. முதல் முறை இதைப் பார்ப்பவர்கள் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்கள். இவ்வளவு நேரம் செய்ததெல்லாம் அழிந்துபோயிற்றோ என்ற குழப்பம் அவர்கள் முகத்தில் தெரியும்.

அந்தக் குழப்பத்தில்தான் உங்கள் கதையின் திருப்பம் ஒளிந்திருக்கிறது. குகையின் வாசலில் யாரோ விட்டுப்போன ஒரு சோதனைக்குழாய் கிடைக்கிறது. உள்ளே தெளிந்த திரவம். 'சுண்ணாம்பு நீர் கலங்கவில்லை, ஆகவே உள்ளே காற்று நல்ல காற்று' என்று நண்பர்கள் கிளம்புகிறார்கள். ஒருத்தி மட்டும் தயங்குகிறாள். தெளிவாக இருக்கும் திரவம் அந்த வாயுவைச் சந்திக்கவே இல்லாததாக இருக்கலாம். அளவுக்கு மீறிச் சந்தித்ததாகவும் இருக்கலாம். எதுவென்று அறிய வழி அவளிடமே இருக்கிறது. அதிலிருந்து சிறிது ஊற்றி, குழல் வைத்து ஊதுகிறாள். புதிய சுண்ணாம்பு நீராக இருந்தால் கலங்க வேண்டும். ஊதுகிறாள், ஊதுகிறாள், கலங்கவே இல்லை. இந்தக் காட்சியை நான்கு பக்கம் எழுதலாம். இரண்டாவது நிமிடத்துக்குப் பிறகும் ஊதிப் பார்த்தவருக்குத்தான் இது கிடைக்கும்.

அந்த வாயு எவ்வளவு கொடியது என்ற ஐயம் வேண்டாம். அது காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியானது, பள்ளத்தில் தேங்கும். 1986 ஆகஸ்ட் 21 அன்று இரவு, கேமரூன் நாட்டின் நியோஸ் ஏரி, தன் அடியாழத்தில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடைத் திடீரென்று வெளியே கக்கியது. பள்ளத்தாக்குகளில் இறங்கிய அந்த வாயு சுமார் 1,700 பேரின் உயிரைக் குடித்தது. உண்மையில் மாண்ட மக்கள் அவர்கள். கதைக்குள் கொண்டுவந்தால் அந்த மரியாதையோடு கொண்டுவாருங்கள்.

மூன்றாம் படி: கணக்குப் போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போக ஆசை வரும். தாண்டாதீர்கள். காட்சி நம்பும்படியாக இருக்கிறதா என்பதைக் கணக்குதான் சொல்லும். அதோடு நீங்கள் நினைத்தே பார்க்காத நுணுக்கங்களையும் அதுவே கையில் கொடுக்கும்.

தொடக்கத்தில் சொன்ன இரும்பு அறைக்கு வருவோம். பழைய கப்பலின் நங்கூரச் சங்கிலி அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளம் 3 மீட்டர், அகலம் 2, உயரம் 2. மொத்தம் 12 கனமீட்டர். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 280 கிராம் ஆக்சிஜன் இருக்கும். ஒரு கிலோ இரும்பு முழுவதும் துருவானால் சுமார் 430 கிராம் ஆக்சிஜனை விழுங்கும். அப்படியென்றால் அந்த அறையின் ஆக்சிஜன் 21-லிருந்து 10 சதவீதத்துக்கு இறங்க, ஏறத்தாழ நாலரைக் கிலோ இரும்பு துருவானால் போதும். நங்கூரச் சங்கிலியின் எடை டன் கணக்கில் இருக்கும். உப்பு ஈரம் பட்ட அதன் மேற்பரப்பு மட்டுமே இந்த வேலையை முடித்துவிடும். கப்பல்களில் இப்படிப்பட்ட அறைகளில் இறங்கி உயிரிழந்தவர்கள் உண்டு. இரும்பு அங்கே வேறொன்றும் செய்யவில்லை, துருப்பிடித்தது, அவ்வளவுதான்.

கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. ஆக்சிஜன் இரும்போடு சேர்ந்து திடப்பொருளாகிவிட்டதால் அறைக்குள் வாயு குறைந்துபோகிறது; அழுத்தமும் குறைகிறது. இறுக மூடியிருந்த அறை என்றால், மூடியைத் தளர்த்தும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். இந்தக் கணக்கைப் போட்டிராவிட்டால் இந்த நுணுக்கம் எனக்குத் தோன்றியே இருக்காது. அடுத்த படியில் காட்சியே இதன் மேல்தான் நிற்கிறது.

நான்காம் படி: வினையை ஒரு முடிவாக மாற்றுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான படி. முதலில், புதியவர்கள் பெரும்பாலும் எப்படி எழுதுவார்கள் என்று பாருங்கள்:

"அன்வர், இறங்காதே!" என்றாள் தாமரை. "இரும்பு ஈரப்பதத்தின் முன்னிலையில் ஆக்சிஜனுடன் வினைபுரிந்து நீரேற்றப்பட்ட இரும்பு ஆக்சைடை உருவாக்குகிறது. இதனால் மூடிய அறையில் ஆக்சிஜன் குறையும்." "அப்படியா! நல்லவேளை சொன்னாய்," என்றான் அன்வர்.

தகவலில் பிழையே இல்லை. ஆனால் இதில் கதையும் இல்லை. தாமரை விடைத்தாள் எழுதுகிறாள், அன்வர் தலையாட்டுகிறான். அதே இடத்தை இப்படி எழுதிப் பார்க்கலாம்:

திருகாணியை அன்வர் தளர்த்தியதும் 'ஸ்ஸ்' என்று மெல்லிய ஓசை எழுந்தது. மூடியின் விளிம்பில் படிந்திருந்த தூசி கோடுகோடாக நகர்ந்து இடுக்குக்குள் மறைந்தது. தாமரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளே போகிறது," என்றாள்.

"எது?"

"தூசி. காற்று உள்ளே போகிறது, அன்வர். அப்படியென்றால் உள்ளே இருந்த காற்று எங்கே?"

அவன் மூடியைத் தூக்கிக் கைவிளக்கைக் காட்டினான். சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் செந்துரு ஏறிப் பருத்திருந்தது. ஏணியின் நான்காம் படிக்குக் கீழே, அவர்கள் மூன்று நாளாகத் தேடிய குறிப்பேடு.

"வாடைகூட இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலே படி இறங்கி எடுத்துவிடுகிறேன்."

"கயிற்றை இடுப்பில் கட்டாமல் ஒரு படிகூட வேண்டாம்."

"கயிறு எதற்கு? நான் விழுந்தால் நீ இறங்கித் தூக்க மாட்டாயா?"

தாமரை துருவையே பார்த்தாள். "மாட்டேன்," என்றாள்.

இங்கே 'வினை' என்ற சொல்லே வரவில்லை. ஆனாலும் துரு எதைச் செய்திருக்கிறது என்பதை வாசகர் ஊகிக்கத் தொடங்கிவிட்டார். அந்த "மாட்டேன்" என்ற சொல்லில்தான் வேதியியல் இருக்கிறது. நட்பு 'இறங்கு' என்கிறது. துரு 'இறங்காதே' என்கிறது. மூச்சு விடத் தூண்டுவது உடலில் சேரும் கார்பன் டை ஆக்சைடுதான். ஆக்சிஜன் குறைவதை உடல் அவ்வளவாக உணர்வதில்லை. ஆகவே அந்த அறையில் இறங்கியவருக்கு மூச்சு முட்டாது. நினைவு மட்டும் தப்பிவிடும். விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவரும் அவர் மேலேயே விழுந்து கிடந்த சம்பவங்கள் மூடிய அறை விபத்துகளில் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. தாமரைக்கு இது தெரியும். தெரிந்தவள் என்ன செய்வாள், தெரிந்தும் மனம் கேட்காமல் என்ன செய்யத் துடிப்பாள் என்பதுதான் உங்கள் அத்தியாயம்.

விளக்கத்தை எங்கே வைப்பது என்றும் கேட்பீர்கள். காட்சி முடிந்து, இருவரும் மேல்தளத்தில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வையுங்கள். அப்போது வாசகரே விளக்கத்துக்காக ஏங்கிக்கொண்டிருப்பார். ஆக்சிஜன், துரு, அழுத்தம் என்று அரைப்பக்கம் எழுதினாலும் ஒரு வரியைக்கூட விடாமல் படிப்பார்.

ஐந்தாம் படி: வரலாற்றிலிருந்து எடுங்கள்

வேதியியல் வரலாற்றில் கதைக்குப் பஞ்சமே இல்லை. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படைகள் டென்மார்க்குக்குள் புகுந்தன. கோபன்ஹேகனில் நீல்ஸ் போர் (Bohr) என்ற இயற்பியலரின் ஆய்வு நிலையத்தில், மாக்ஸ் ஃபான் லாவே, ஜேம்ஸ் ஃபிராங்க் ஆகிய ஜெர்மானிய இயற்பியலர் இருவரின் நோபல் தங்கப் பதக்கங்கள் பாதுகாப்புக்காக வைக்கப்பட்டிருந்தன. ஜெர்மனியிலிருந்து தங்கத்தை வெளியே அனுப்புவது அப்போது கடுங்குற்றம். பதக்கங்களிலோ பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. புதைத்துவிடலாம் என்றார் அங்கே பணியாற்றிய வேதியியலர் ஜார்ஜ் டி ஹெவெஷி. தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று நீல்ஸ் போர் மறுத்தார். நைட்ரிக் அமிலம் தனியாகத் தங்கத்தைக் கரைக்காது; ஹைட்ரோகுளோரிக் அமிலமும் தனியாகக் கரைக்காது. இரண்டும் சேர்ந்த இராஜதிராவகம் கரைக்கும். தெருவில் படைகள் நடந்துகொண்டிருக்க, ஹெவெஷி பதக்கங்களைக் கரைத்துக்கொண்டிருந்தார். எளிதில் வினைபுரியாத உலோகம் என்பதால் அது அவசரத்துக்கு வளையவில்லை. கரைசல் நிரம்பிய குடுவை யுத்தம் முடியும்வரை அலமாரியில் யார் கண்ணையும் உறுத்தாமல் நின்றது. பிறகு தங்கத்தைப் பிரித்தெடுத்தார்கள். நோபல் அறக்கட்டளை புதிய பதக்கங்களை வார்த்துக் கொடுத்தது. புதியவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பொருளின் பிடிவாதத்தை. தங்கம் எளிதில் கரைந்திருந்தால் இந்தக் கதையில் பதற்றமே இருந்திருக்காது.

இன்னொன்று இங்கிலாந்தில் 1832-இல் நடந்தது. நஞ்சூட்டிக் கொன்ற வழக்கு ஒன்றில், வேதியியலர் ஜேம்ஸ் மார்ஷ் ஆர்செனிக் இருப்பதை மஞ்சள் வீழ்படிவாகக் கண்டுபிடித்தார். ஆனால் ஜூரிகள் முன் காட்டுவதற்குள் அது கெட்டுப்போய்விட்டது. குற்றம் சாட்டப்பட்டவன் விடுதலையானான். மார்ஷுக்கு ஆறவில்லை. 1836-இல், கண்ணாடியில் பளபளக்கும் கரும்படலமாக ஆர்செனிக்கைப் படியவைக்கும் புதிய சோதனையை வெளியிட்டார். சாட்சியே நேரம் ஆக ஆகக் கெட்டுப்போகும் ஒரு வழக்கைக் கற்பனை செய்து பாருங்கள். விடிவதற்குள் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய பதினாறு வயதுப் பையன் ஒருவனும் இருந்துவிட்டால் நாவல் தயார்.

ஆறாம் படி: வழக்கமான பிழைகளைக் களையுங்கள்

குளோரோஃபார்ம் கைக்குட்டையை முகத்தில் வைத்ததும் ஆள் மயங்கி விழமாட்டார். பல நிமிடங்கள் ஆகும், அளவு தவறினால் உயிரும் போகும். அமிலம் இரும்புக் கம்பியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் அறுக்காது. எல்லா விஷ வாயுவுக்கும் வாடை இருக்காது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. மெழுகுவத்தி எரிகிறது, ஆகவே உள்ளே பாதுகாப்பு என்பதும் தவறு. சுடர் அணைந்தால் ஆபத்து நிச்சயம். எரிந்தால் எதுவும் நிச்சயமில்லை. எரியக்கூடிய வாயு இருந்தால் அந்தச் சுடரே வெடிப்புக்குக் காரணமாகும். இன்று இத்தகைய அறைகளில் ஆக்சிஜன் அளக்கும் கருவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகளின்படி 19.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலே அது ஆக்சிஜன் குறைந்த இடம்.

பிழையைத் திருத்தினால் காட்சி சப்பென்று ஆகிவிடுமே என்று பயப்பட வேண்டாம். அமிலம் கம்பியை அரிக்க மணிக்கணக்கில் ஆகும் என்றால், சிறைப்பட்டவள் முதல் இரவே தொடங்க வேண்டும். வினையில் எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் குமிழ்கள் எழும். காவலாளி கையில் எரியும் தீக்குச்சியோடு வருகிறான். பொய்யைவிட இது நல்ல காட்சி.

ஏழாம் படி: எதை எழுதக் கூடாது

இதில் சமரசம் வேண்டாம். படிப்பவர்களில் சிலர் செய்து பார்ப்பார்கள். உங்கள் எழுத்து நன்றாக இருந்தால் இன்னும் பலர் செய்து பார்ப்பார்கள். வெடிபொருள், நஞ்சு, நச்சு வாயு ஆகியவற்றில் அளவையும் கலக்கும் வரிசையையும் கருவியின் அமைப்பையும் எழுதாதீர்கள். வாசகருக்குத் தேவை அந்தக் காட்சியின் வெப்பமும் அச்சமும்தான். எச்சரிக்கையாக அமையும் தகவலைத் தாராளமாக எழுதலாம். துணி வெளுக்கப் பயன்படும் பிளீச் திரவத்தோடு அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதை ஒவ்வொரு பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும். கதையில் வருகிறது என்றால், இருமலும் எரியும் கண்ணும் மருத்துவமனையும் சேர்ந்தே வரட்டும்.

உங்கள் கதாநாயகி பாதுகாப்புக் கண்ணாடி அணியட்டும். அமிலத்தை நீரில் ஊற்றட்டும், நீரை அமிலத்தில் ஊற்ற வேண்டாம். அறிவுரையாகச் சொல்லாமல், கைப்பழக்கமாகக் காட்டுங்கள்.

எட்டாம் படி: சொற்கள்

ஒரே வாயுவை ஒரு பாடநூல் ஆக்சிஜன் என்கிறது, இன்னொன்று ஒட்சிசன் என்கிறது, மூன்றாவது உயிர்வளி என்கிறது. உங்கள் வாசகர்கள் வகுப்பில் எதைக் கேட்கிறார்களோ அதையே எடுத்து, கடைசிவரை மாற்றாமல் எழுதுங்கள். பொருள் முதலில், பெயர் பிறகு: வெண்மையாகக் கலங்குவதை வாசகர் பார்த்துவிடட்டும், 'வீழ்படிவு' என்ற சொல்லை அடுத்த பத்தியில் கொடுங்கள்.

ஒன்பதாம் படி: இரண்டு வாசகர்கள்

வரைவு முடிந்ததும் ஒரு பிரதியை வேதியியல் ஆசிரியரிடம் கொடுங்கள். "பிழை இருக்கிறதா?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிடுவார். "இந்தக் காட்சி நடக்கவே முடியாது என்று நிரூபியுங்கள்" என்று கேளுங்கள். அப்போதுதான் உட்கார்ந்து கணக்குப் போடுவார்.

இன்னொன்றைப் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட ஒருவரிடம் கொடுங்கள், ஆனால் முழுவதையும் அல்ல. முடிவெடுக்கும் இடத்துக்கு முந்தைய பக்கத்தோடு நிறுத்திவிட்டு, "நீயாக இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். கப்பல் காட்சியை நான் அப்படி ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, அறையின் மறுபக்கத்தில் இன்னொரு மூடி இருக்கிறதா, அதைத் திறந்தால் காற்று இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடுமா, ஆக்சிஜன் பழைய அளவுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று அடுத்தடுத்துக் கேட்டாள். பதில் சொல்வதற்காக நான் மறுபடியும் 12 கனமீட்டர் கணக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடுத்த வரைவில் அந்த இரண்டாவது மூடியைச் சேர்த்தேன். அதன் திருகாணியும் துருப்பிடித்து இறுகியிருந்தது.